அப்பாவின் வால்வுப் பெட்டியில் மழைச் சத்தம்

கத்திப் பேசுவதுதான் என் அப்பாவின் சுபாவம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் உப்பு கேட்டதைச் சண்டை என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததுண்டு. பாடப்புத்தகம் அடிக்கும் அச்சகம் ஒன்றில் சேர்ந்து, அங்கேயே மிஷின்மேன் ஆகி, அங்கேயே ஓய்வும் பெற்றவர். பள்ளி விடுமுறையில் நான் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். மிஷின் ஹாலின் கதவைத் திறந்ததும் சத்தம் முகத்தில் வந்து அறையும். எல்லா மிஷின்களும் சேர்ந்து ஓடும்போது தரையோடு பல்லும் அதிரும். உள்ளே யாரும் வாயால் பேச மாட்டார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தால் காகிதம் கொண்டு வா என்று அர்த்தம். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கினால் வேகத்தைக் குறை. காதில் வைத்துக்கொள்ள நிர்வாகம் பஞ்சு கொடுத்தது. அப்பா அந்தப் பஞ்சால் விரலில் ஒட்டிய மையைத் துடைப்பார்.

ஓய்வுக்குப் பிறகு அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. சமையலறைக் குழாயைக் கழற்றினார், கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைத் திறந்து பார்த்து ஓடாமல் செய்தார். அம்மா பொறுமை இழந்து, "உங்களுக்குன்னு ஏதாவது ஒண்ணு வச்சுக்குங்க, என் வீட்டை விட்டுடுங்க" என்றாள். அப்படித்தான் ரெக்கார்ட் பிளேயர் வந்தது. அதன் பின்னால் ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயரும், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு ஸ்பீக்கர்களும் வந்தன. பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் வைக்க வேண்டிய ப்ரீஆம்பை மட்டும் தானே செய்யப்போவதாக அப்பா அறிவித்தார்.

ப்ரீஆம்ப் என்பது ஒரு சின்ன அலுமினியப் பெட்டி. ரெக்கார்டின் மேல் ஓடும் ஊசியிலிருந்து வருகிற துளி மின்சாரத்தைப் பெரிதாக்கி அடுத்த ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பது அதன் வேலை. அப்பாவுடையது வால்வு போட்டது. கட்டைவிரல் அளவுள்ள கண்ணாடிக் குழாய்கள் பெட்டியின் தலையில் நிற்கும், சுவிட்ச் போட்டால் உள்ளே செம்மஞ்சளாக ஒரு கம்பி கனலும். துளியைப் பெரிதாக்கும் பெட்டி என்பதால் ஒரு தொல்லையும் உண்டு. பாட்டோடு எந்தக் குப்பை உள்ளே போனாலும் அதையும் அது விசுவாசமாகப் பெரிதாக்கிவிடும்.

முதல் நாள் பெட்டியை இணைத்தபோது பாட்டு வருவதற்கு முன்னால் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் வந்தது. மாடு தொழுவத்தில் நின்று யோசிப்பது போல. அப்பா அதோடு பல வாரம் மல்லுக்கு நின்றார். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றித் திருப்பி வைத்தார். வால்வுகளுக்குப் போகும் ஒயர்களைப் பின்னல் போல முறுக்கினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பெட்டிக்குள் முகத்தை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"கல்யாணமான புதுசுலகூட என் முகத்தை இவ்வளவு கிட்ட வச்சுப் பார்த்ததில்ல" என்றாள் அம்மா.

அப்பா திரும்பவில்லை. அம்மாவும் அதை எதிர்பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னால் அவரிடமிருந்து பதில் வராது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

கடைசியில் அந்த ரீங்காரம் பிடிபட்டது. பெட்டிக்குள் எர்த் ஒயர்களை ஆளுக்கொரு மூலையில் கட்டிவைத்திருந்தார். அவை தங்களுக்குள் ஒரு வளையமாகிச் சுவர் மின்சாரத்தின் முனகலை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் ஒரே திருகாணியில் கொண்டுவந்து முடுக்கியதும் மாடு வாயை மூடிக்கொண்டது. அப்பா எங்கள் எல்லோரையும் ஹாலுக்குக் கூப்பிட்டு, வால்யூமை ஏற்றி, ஊசியை வைக்காமலே நிற்கவைத்துக் கேட்கச் சொன்னார்.

"பார்த்தீங்களா? ஒண்ணுமே இல்ல! சுத்தம்!"

எனக்கு ஏதோ கேட்டது. வால்வு செட் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று விட்டுவிட்டேன். அம்மாவும் அப்படியே நினைத்தாளாம். அவர் இருந்த சந்தோஷத்தில் யாருக்கு வாய் வரும்?

அடுத்த மாதம் என் மாமியார் வந்து சேர்ந்தார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றவர். பேருந்திலிருந்து இறங்கும்போது கால் பிசகிக் கணுக்காலில் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தது. அவர் குடியிருப்பது மாடியில், அங்கே லிஃப்ட் கிடையாது. எங்கள் வீடு தரைத்தளம். என் மனைவி காரில் கூட்டி வந்து, ஹாலில் சாய்வு நாற்காலி போட்டு, எதிரே ஒரு முக்காலியில் தலையணை வைத்துக் காலை அதன்மேல் தூக்கி வைத்தாள். நாற்காலி போட வேறு இடமில்லை. அது அப்பாவின் இடது ஸ்பீக்கரை ஒட்டி வந்தது.

சம்பந்திகள் இருவரும் அதுவரை ஒருவருக்கொருவர் பன்னீர் தெளித்துக்கொள்ளாத குறை. "சம்பந்தியம்மா சௌகரியமா இருக்காங்களா?" "அண்ணாவுக்கு என்னால எவ்வளவு சிரமம்!" முதல் நாள் முழுக்க இப்படியே போனது.

இரண்டாம் நாள் காலையில் அப்பா பெட்டியைப் போட்டு, வால்வு சூடாகட்டும் என்று விட்டுவிட்டு, ரெக்கார்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை ஜன்னல் பக்கம் கழுத்தைத் திருப்பினார்.

"வெளியில மழையா, அண்ணா? துணி காயுதே, எடுக்கச் சொல்லுங்க."

அப்பா எட்டிப் பார்த்தார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"மழை எங்க? வெயில் மண்டையைப் பிளக்குது."

"அப்போ இந்த உஸ்ஸுன்னு வர்ற சத்தம்? நடுவுல நடுவுல யாரோ காகிதத்தைக் கசக்குற மாதிரியும் இருக்கு." அவர் காதைச் சாய்த்தார். "இதோ, உங்க பெட்டியிலருந்துதான் வருது."

அப்பா சிரித்தார். விருந்தாளியிடம் சிரிக்கிற சிரிப்பு. "அது ஃபேன் சத்தம், சம்பந்தியம்மா."

"ஃபேனை நிறுத்திப் பாருங்களேன்."

நிறுத்தினார்கள். அத்தை, "இப்போ இன்னும் தெளிவா கேட்குது" என்றார்.

அப்பா ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டார். நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். "உனக்கு ஏதாவது கேட்குதா?"

"லேசா கேட்குதுப்பா."

"நீ உன் மாமியார் கட்சி" என்றார். அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்து, "ஆமா, ஆரம்பத்துலருந்தே இருக்கே" என்றாள். அப்பா முகம் தொங்கிவிட்டது. ரெக்கார்டை உறைக்குள் போட்டுவிட்டு வெளியே கிளம்பிப் போனார். அன்று முழுக்கப் பெட்டியைத் தொடவில்லை.

என் மனைவி தன் அம்மாவைக் கடிந்துகொண்டாள். "வந்த இடத்துல சும்மா இருக்கக் கூடாதாம்மா? அந்தப் பெட்டி அவருக்குப் பெத்த பிள்ளை மாதிரி."

"பிள்ளைக்குச் சளி பிடிச்சிருந்தா சொல்லக் கூடாதா?" என்றார் அத்தை.

மறுநாள் அப்பா ஒரு முடிவோடு வந்தார். சம்பந்தி மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. பெட்டியைப் போட்டு, சூடானதும், அத்தைக்கும் பெட்டிக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் கை குமிழில் இருப்பது அத்தைக்குத் தெரியாது. பக்கவாட்டில் நின்ற எனக்குத் தெரிந்தது.

வால்யூம் மேலே இருந்தது. "இப்போ கேட்குதா?"

"கேட்குது."

சத்தமில்லாமல் முழுக்க இறக்கினார். "இப்போ?"

"இப்போ இல்ல."

ஏற்றினார். "இப்போ?"

"வந்துடுச்சு."

இறக்குவது போலத் தோளை மட்டும் அசைத்தார். "இப்போ?"

"அண்ணா, நீங்க அதைத் திருப்பவே இல்ல" என்றார் அத்தை.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் இன்னும் சில முறை ஏற்றி இறக்கினார். கேள்வி கேட்காமலே செய்தார். அத்தை ஒவ்வொரு முறையும் "இருக்கு", "இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தவறவில்லை. அப்பா குமிழை மேலே ஏற்றிவைத்து, குனிந்து, இடது காதை ஸ்பீக்கரில் வைத்தார். பிறகு வலது காதை வைத்தார். 

நிமிர்ந்தபோது அவர் சொன்னது பெட்டியைப் பற்றித்தான். "வால்யூம் குமிழ் பெட்டிக்கு நடுவுல இருக்கு. அதை இறக்கினா சத்தம் போகுதுன்னா, கோளாறு குமிழுக்கு முன்னாடி இருக்கு. முதல் வால்வு பக்கம்." குரல் வழக்கத்தைவிடத் தணிந்திருந்தது. பிறகு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார். "அந்தச் சத்தம் பெருசாவா கேட்குது?"

"ரொம்ப இல்லப்பா."

"எனக்குச் சுத்தமா இல்லடா. அந்த ம்ம்ம் கேட்டுச்சு. இது ஒண்ணுமே இல்ல." பிறகு, "உங்க அம்மாகிட்ட சொல்லாதே" என்றார். அம்மா எங்களுக்குப் பின்னால் கதவருகே துவைத்த துணியோடு நின்றுகொண்டிருந்தாள். அது அவருக்குத் தெரியவில்லை.

அம்மா துணியோடு உள்ளே போய்விட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் அன்றே காது டாக்டரைப் பற்றி ஆரம்பித்திருப்பார்கள். அத்தை ஆரம்பிக்கவில்லை. மறுநாள் காபி குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணா, இந்தக் கட்டைப் பிரிக்கிற வரைக்கும் எனக்கு வேற வேலை இல்ல. டிவி பார்த்து அலுத்துப்போச்சு. நான் கேட்டுச் சொல்றேன், நீங்க கழட்டிப் பாருங்க. அதை ஒரு வழி பண்ணுவோம்" என்றார்.

அப்பா அரைமனதோடு ஒத்துக்கொண்டார். பெட்டியை ஒரு மேஜையில் அத்தைக்கு எதிரே வைத்தார். சத்தம் வந்தால் அத்தை விரலைத் தூக்க வேண்டும், நின்றால் இறக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். இதற்கு அப்பா மறுபேச்சே பேசவில்லை. பாதி வாழ்க்கையைக் கை ஜாடையிலேயே ஓட்டியவர்.

முதலில் ரெக்கார்ட் பிளேயரின் ஒயரைப் பிடுங்கினார். விரல் இறங்கவில்லை. அப்படியானால் குப்பை வெளியிலிருந்து வரவில்லை. பெட்டிக்குள்ளேயே பிறக்கிறது. அடுத்து முதல் வால்வையும் இரண்டாம் வால்வையும் இடம் மாற்றிப் போட்டார். அப்போதும் விரல் இறங்கவில்லை. அப்படியானால் கோளாறு வால்வில் இல்லை என்று அப்பா அதோடு நம்பியிருந்தால் நல்லது. அவருக்கு வால்வு மேலேயே சந்தேகம். கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்து செருகினார். சத்தம் அப்படியே இருந்ததோடு, பென்சிலால் வால்வின் தலையைத் தட்டினால் ஸ்பீக்கரில் "டிங்" என்று கண்ணாடி டம்ளரைத் தட்டியது போலக் கேட்டது. இந்த டிங் அப்பாவுக்கும் கேட்டது.

"இருந்த நோய் போகல, புதுசா ஒரு நோய் வேற" என்றார் அத்தை.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு பழைய வால்வையே திரும்பச் செருகினார். வால்வு உட்காரும் துளைகளைத் தேய்த்துத் துடைத்தார். ஒயர் சேரும் இடங்களுக்கெல்லாம் மறுபடி சால்டர் வைத்தார். வீடெல்லாம் ஈயப் புகை. அம்மா இருமிக்கொண்டே ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். ஒரு பலனும் இல்லை. ஒரு நாள் எரிச்சலில் ஸ்க்ரூடிரைவரை மேஜையில் எறிந்துவிட்டு, "உங்களுக்குத்தான் ஏதோ பிரமை" என்று சொல்லிவிட்டார். சொன்ன மறுகணமே, "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

அத்தை தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "வார்டுல இதைவிட மோசமா திட்டு வாங்கியிருக்கேன். நான் ஒண்ணு கவனிச்சேன், சொல்லட்டுமா? அந்த உஸ் பெட்டி பாடத் தயாரானதுமே வந்துடுது. ஆனா காகிதம் கசக்குற சத்தம் உடனே வர்றதில்ல. நான் காபி குடிச்சு முடிக்கிற நேரத்துக்குத்தான் ஆரம்பிக்குது. சூடு ஏற ஏறத்தான் வருது போல."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சூடு ஏறினால் கெடுகிற சாமான் எது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. இத்தனை நாளும் பெட்டியை அணைத்து, ஆறவைத்துத்தான் உள்ளே கை வைத்துக்கொண்டிருந்தார். நோய் வருவதோ சூட்டில். அப்படியானால் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறந்து பார்க்க வேண்டும். வால்வுப் பெட்டிக்குள் ஓடுகிற மின்சாரம் சுவரில் இருப்பதைவிட அதிகம். அம்மாவுக்கு அது தெரியும். ஏனென்றால் பெட்டி செய்த புதிதில் அப்பாவே அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"ஒண்ணும் வேண்டாம். மழைச் சத்தம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அம்மா.

அப்பா ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டார். மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்தார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வலது கையில் காய்ந்த நீளமான மரக்குச்சி ஒன்று. மூடி திறந்த பெட்டி மேஜையில் கனன்றுகொண்டிருந்தது. அத்தை காபியைக் குடித்து முடித்தார். விரல் மேலே எழுந்தது.

அப்பா குச்சியின் நுனியால் முதல் வால்வைச் சுற்றியிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக மெல்ல அழுத்தினார். கண் பெட்டியில், அப்புறம் அத்தையின் விரலில், மறுபடி பெட்டியில். ஒரு கெப்பாசிட்டரை அழுத்தினார், மாற்றமில்லை. ஒயரை நகர்த்தினார், மாற்றமில்லை. தவிட்டு நிறத்தில் ஒரு ரெசிஸ்டர் இருந்தது, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதைத் தொட்டார். அத்தை விரலோடு முழுக் கையையும் தூக்கிவிட்டார்.

"அதுதான்! அதுதான்! படபடன்னு பொரியுது!"

அந்தப் படபட மட்டும் அப்பாவுக்கும் லேசாகக் கேட்டிருக்க வேண்டும். முகம் மலர்ந்தது. உடனே கோணியது. அந்த ரெசிஸ்டர் அவர் ஆசை ஆசையாகப் போட்டது. பழைய சாமான் கடையில், உடைந்துபோன ஒரு ரேடியோவிலிருந்து பிய்த்தெடுத்து, பழைய சாமான்தான் நல்ல பாட்டுக் கொடுக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி வைத்தது. உள்ளே கரி. காலப்போக்கில் கரி ஈரம் குடித்து வெடித்து, சூடு ஏறியதும் பொரிய ஆரம்பித்திருக்கிறது.

பெட்டியை அணைத்து, கெப்பாசிட்டரில் தங்கியிருந்த மின்சாரத்தை வடித்துவிட்டு, கரி ரெசிஸ்டரை எடுத்துப் புது ரகம் ஒன்றை வைத்தார். காகிதம் கசக்கும் சத்தம் அன்றோடு போயிற்று. மழையும் பாதி குறைந்தது. அடுத்த நாள் இதே ஜாதி ரெசிஸ்டர் இன்னும் இரண்டு இருப்பதைக் கண்டுபிடித்து மாற்றினார். "இப்போ எப்படி?" என்று கேட்டார்.

"மழை அடுத்த தெருவுக்குப் போயிடுச்சு" என்றார் அத்தை.

"இன்னும் இருக்கா?"

"வால்வுன்னா அவ்வளவாவது இருக்கத்தானே செய்யும்? பாட்டுப் போடுங்க. கேட்கவே கேட்காது."

பாட்டுப் போட்டார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு முழு ரெக்கார்டையும் கேட்டார். ஒரு பக்கம் முடிந்து அப்பா ரெக்கார்டைத் திருப்பப் போனபோதுதான் பேச்சை எடுத்தார்.

"அண்ணா, பெட்டி சரியாயிடுச்சு. இனிமே உங்க காதைப் பார்க்கலாமா?"

அப்பா வெடித்தார். "நான் என்ன செவிடா? நீங்க பேசுறது கேட்குதே, பதில் சொல்றேனே!"

"என் முகத்தைப் பார்த்துக்கிட்டு பேசுறீங்க. அதனால கேட்குது."

"எனக்கு ஒரு குறையும் இல்ல!"

சமையலறை வாசலில் நின்ற அம்மா உள்ளே வந்தாள். அப்பாவுக்கு நேர் எதிரே, அவர் பார்க்கும்படி நின்றாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"இவன் ஸ்கூல் படிக்கும்போது, முக்குல இருந்த மருந்துக்கடையில என்னை வேலைக்குக் கூப்பிட்டாங்க. டாக்டர் கிறுக்கினதை எல்லாம் நான் கரெக்டா படிச்சிடுவேன்னு அந்தக் கடைக்காரம்மாவுக்கு என்மேல பிரியம். ஞாபகம் இருக்கா?"

"மருந்துக்கடையா? என்ன வேலை?"

"நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. நான் பின்னால நின்னு கேட்டேன், போகட்டுமான்னு. நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல. மறுநாளும் கேட்டேன். பக்கத்தைப் புரட்டினீங்க. பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லலாமே, இப்படி ஒரு அலட்சியமான்னு நினைச்சு நான் வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் உங்ககிட்ட எதையும் கேட்கிறதை விட்டுட்டேன்."

ரெக்கார்ட் தட்டில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா கையில் ஊசி இருந்ததை மறந்துவிட்டார்.

"நீ கேட்கவே இல்லயே" என்றார்.

"கேட்டேன்."

"எனக்குக் கேட்கலடி."

"அது எனக்கு அன்னைக்குப் படியில நீங்க இவன்கிட்ட சொன்னப்பதான் தெரிஞ்சுது."

அத்தை தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போக முடிந்திருந்தால் போயிருப்பார். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். அப்பா ஊசியை அதன் தாங்கியில் வைத்தார். "கேட்டிருந்தா போன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார்.

"இருக்கலாம்" என்றாள் அம்மா. பிறகு, "டாக்டர்கிட்ட போங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அந்த வாரமே போனோம். அப்பாவை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே நின்று பார்த்தேன். கனத்த சத்தங்களுக்கு அப்பாவின் விரல் உடனுக்குடன் அமுக்கியது. சத்தம் கீச்சென்று மேலே போகப் போக விரல் அசையாமல் இருந்தது. அவர் முகம் மட்டும் கவனமாக இருந்தது, இனிமேல்தான் சத்தம் வரப்போகிறது என்பது போல.

டாக்டர் கோடு போட்ட தாளைக் காட்டினார். இடது பக்கம் நேராக வந்த கோடு வலது பக்கம் போகும்போது சடாரென்று கீழே இறங்கியது. அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். "ஆம்ப்ளிஃபயர்ல கீச்சுச் சத்தத்துக்கான ட்ரெபிள் குமிழை முழுக்க இறக்கி வச்ச மாதிரி இருக்கே" என்றார்.

"அதேதான் சார்" என்றார் டாக்டர். "நீங்க பார்த்த வேலை அப்படி. ரொம்ப காலமா கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. மெல்லிசான குரல், ச, ஃப மாதிரி எழுத்து, பின்னாலருந்து பேசுறது, இதெல்லாம் கஷ்டம். போனது திரும்ப வராது. மெஷின் வச்சுக்கிட்டா சமாளிக்கலாம்."

காது மெஷின் வந்த முதல் நாள் வீட்டில் பெரிய கலவரம். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தத்தில் துள்ளினார். பேப்பரைப் புரட்டிவிட்டு அதையே முறைத்தார். அம்மா தட்டு கழுவியபோது இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "இந்த வீட்டுல இவ்வளவு சத்தமா? எப்படி இருக்கீங்க எல்லாரும்?" என்றார். மாலைக்குள் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். அத்தை விடவில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொள்ளச் சொல்லி, பழைய வார்டு சிஸ்டர் குரலில் அதிகாரம் பண்ணினார். அப்பா அந்தக் குரலுக்குப் பணிந்தார். நாங்கள் யார் சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது.

மெஷின் பழகிய பிறகு ஒரு நாள் ப்ரீஆம்பைப் போட்டு, ஊசி வைக்காமல், ஸ்பீக்கர் எதிரே போய் நின்றார். அடுத்த தெரு மழை அவருக்கும் கேட்டது. "இதுவா?" என்றார். "இவ்வளவுதானா?" பிறகு சந்தேகம் வந்து பெட்டியை அணைத்துப் பார்த்தார். கொஞ்சம் மிச்சம் இருந்தது. காது மெஷினுக்குள்ளும் ஒரு ஆம்ப்ளிஃபயர்தானே, அதற்கும் சொந்தமாக ஓர் உஸ் உண்டு. அப்பாவுக்கு ஒரே ஆத்திரம். மெஷின் விற்ற கடைக்குப் போன் போட்டு, உங்கள் முதல் கட்ட ரெசிஸ்டர் என்ன ரகம் என்று கேட்டார். கடைக்காரப் பெண் பாவம், ஒரு வழியாகி, மேனேஜரிடம் போனைக் கொடுத்துவிட்டாள்.

அம்மாவோடு உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. உண்மை தெரிந்த பிறகுதான் அம்மாவுக்குக் கோபம் அதிகமாயிற்று. யார் மேல் காட்டுவது என்று தெரியாத கோபம். சில நாள் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இத்தனை வருஷமும் வீணா கோவிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அதுக்கு யார்கிட்ட போய் நியாயம் கேட்கிறது?" என்று அத்தையிடம் புலம்பினாள். அத்தை, "இப்போவாவது நேரா நின்னு கேளுங்க அண்ணி" என்றார். அப்பா ஒரு நாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அம்மாவிடம் போய், "இப்போ வேணும்னா போறியா? நான் போய் அந்தக் கடையில கேட்கவா?" என்றார். கடை மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. அந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கடை.

"முட்டி வலியோட நாள் பூரா நிக்கச் சொல்றீங்களா?" என்றாள் அம்மா. ஆனால் அன்று மத்தியானம், பல நாளுக்குப் பிறகு, அவர் தட்டில் தானே பரிமாறினாள்.

அத்தைக்குக் கட்டைப் பிரித்து, கைத்தடியோடு நடக்க ஆரம்பித்ததும் கிளம்பத் தயாரானார். மாடிப்படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா தானே பையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினார். நானும் கூடப் போனேன். ஒரு படிக்கு ஒரு முறை நின்று நின்று ஏறி, அத்தை பூட்டைத் திறந்தார். உள்ளே போனதும் அப்பா அசையாமல் நின்று தலையைச் சாய்த்தார்.

"என்ன சத்தம் அது? டகடகன்னு?"

"ஃபிரிட்ஜ், அண்ணா. அது வாங்குனதுலருந்து அப்படித்தான். விடுங்க, பழகிடுச்சு."

"பழகிடுச்சா? அதெல்லாம் பழகக் கூடாது, சம்பந்தியம்மா" என்று சொல்லிவிட்டு, அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஃபிரிட்ஜின் பின்பக்கம் போய் மண்டிபோட்டு உட்கார்ந்தார். அத்தை என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, டீ போட அடுப்படிக்குப் போனார்.